ஏரி புரண்டு படுக்காத தை

ஹோக்டோர்ஃபுக்குக் கீழே, ஏரி நடுவில்,
வெள்ளைத் தட்டைக் கயிற்றில் இறக்குகிறேன்.
ஒன்று. ஒன்றேகால்.
அவ்வளவுதான், காணோம்.
வைகாசியில் ஐந்து மீட்டர் வரை
நிலாப்போலக் கூடவே இறங்கிய தட்டு.

நீர் இருபத்தாறு டிகிரி.
எழுதும்போது விரலில் ஒட்டுகிறது பச்சை,
யாரோ கலக்கி வைத்த பெயின்ட் மாதிரி.
நாற்றம் மட்டும் பெயின்ட் இல்லை.

கரைக்கு வந்தால் பூஹோல்ட்ஸர் நிற்கிறார்,
இருநூற்று நாற்பது பன்றிகளின் சொந்தக்காரர்.
அவருடைய நாய்க்கு இன்று வாய்ப்பூட்டு:
தண்ணீரை நக்கிவிடக் கூடாது.

"எரு இறைப்பதைக் குறைத்துப் பதினோரு வருஷம்"
என்கிறார், நான் கேட்காமலே.
"கரையோர நிலத்தைப் புல்லுக்கே விட்டாச்சு.
இது நான் போட்டதா, என் அப்பா போட்டதா?"

பாஸ்பரஸில் பெயர் எழுதியிருக்காது.
அடிச்சேற்றைக் குழாயில் உருவினால்
வருஷத்துக்கு இரண்டு கோடு:
கோடைக்கு வெளிர், குளிருக்குக் கறுப்பு.
அவர் அப்பாவின் முப்பது வருஷமும்
ஒரு சாண்கூட வராது.
மூச்சு முட்டும்போதெல்லாம்
ஏரி அந்தச் சாணிலிருந்துதான் எடுத்துச் செலவழிக்கிறது.

இதை அவரிடம் சொல்லவில்லை.
தை மாதத்தைப் பற்றிச் சொன்னேன்.

குளிர் சரியாக இறங்கினால்
மேல்நீர் கனத்து அமிழும், அடிநீர் எழும்,
ஏரி ஒருமுறை புரண்டு படுக்கும்.
அந்த ஓர் அசைவில்
வருஷத்துக்கான மூச்சு அடிவரை போய்ச் சேரும்.
இந்தத் தையில் மழைதான் பெய்தது.
ஏரி மல்லாந்தே கிடந்தது.
குழாய் வைத்துக் காற்று ஊட்டினார்கள்;
குழாய் மூச்சு குழாய் மூச்சுதான்.

சித்திரையில் முதல் பந்தி
கண்ணாடி ஓடு போட்ட சிறு பாசிகளுக்கு.
நீர்த்தெள்ளுகள் வந்து மேய்ந்து
இடத்தைத் துடைத்துவிட்டுப் போகும்.
பிறகு வெயில் ஏற ஏற
நீலப்பச்சைக்காரர்கள் உட்கார்ந்தால்
இலையை மூடுவதே இல்லை.
அவர்களைத் தின்ன யாருக்கும் பிடிப்பதுமில்லை.

"அப்படியென்றால் நான் குறைத்தது வீண்?"

என்னிடம் பதினோரு வருஷக் குறிப்பேடு இல்லை,
வேலையில் சேர்ந்தே மூன்று கோடைதான்.
"தட்டைத் தாருங்கள்" என்று
ரப்பர் பூட்ஸோடு படகில் ஏறிவிட்டார்.
தயங்கினேன். துடுப்பை எடுத்தேன்.

பன்றிக்குட்டியைப் பிடிக்கும் கைகள்
கயிற்றை முடிச்சு முடிச்சாக விட்டன.
ஒன்றேகால்.
ஒன்றரை.
"இன்னும் தெரிகிறது" என்றார்,
மூக்கு நீரைத் தொடும் அளவு குனிந்து.
எனக்குப் பச்சைதான் தெரிந்தது.

படிவத்தில் ஒன்றேகால் என்றே எழுதினேன்.
ஓரத்தில், பென்சிலில்,
ஒன்றரை.