இருப்புக் கணக்கு

பென்சிலைச் சீவிக்கொண்டே கேட்கிறீர்கள், மேட்ரன்:
கட்டில் விரிப்பு எத்தனை மிச்சம்?

நீங்கள் போன ராத்திரி நானூற்றுப் பன்னிரண்டு.
சலவைக்கூடத்துக்காரி நான், எண்ணிக்கை தப்பாது.
என் ஈரக்கையில் சாவிக்கொத்தைப் போட்டீர்கள்.
விளக்கில்லாத லாரி ஜெட்டிப் பக்கம் திரும்பியது.
வெள்ளைக்காரருக்கு மட்டும் என்று யாரும் எழுதி ஒட்டவில்லை.
ஏறும்போது சொன்னது ஞாபகம் இருக்கிறதா?
"ஈரத்தோடு மடிக்காதே, காத்தாயி. பூஞ்சை பிடிக்கும்."

அதற்கு இரண்டு நாள் முன்பு, வியாழக்கிழமை,
பினாங்கே தெருவில் நின்று
கொக்குக் கூட்டத்தை எண்ணுவதுபோல்
விமானங்களை எண்ணியது. ஓடத் தோன்றவில்லை.
அண்ணாந்த அந்தக் கழுத்துகள்
மத்தியானம் கைவண்டிகளில் வந்து சேர்ந்தன.
மாடியில் டாக்டரோடு நீங்கள்.
கீழே வராந்தாவில்
படிப்பு முடியாத இயோ சியூ லான்,
பிரசவ வார்டு பெருக்கும் சே பிடா, நான்.
சியூ லானுக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.
ஏழாவது ஆளுக்கு ஊசி என் கையில் இருந்தது.
ரவிக்கை தைத்த கை.
தோல் துணியைவிட வழுக்கும், அது உங்களுக்குத் தெரியும்,
எனக்கு அன்றுதான் தெரிந்தது.
"மிஸ்ஸி, தண்ணி" என்றான் ஒருவன்.
யாரைக் கூப்பிடுகிறான் என்று திரும்பிப் பார்த்தேன்.
பின்னால் சுவர்.

பிறகு ஜப்பான்காரர் வந்து
சுவர்க் கடிகாரத்தைத் தோக்கியோவுக்குத் திருப்பினார்கள்.
காய்ச்சல் மட்டும் பழைய நேரத்துக்கே ஏறியது.

விரிப்புக்கு வருகிறேன்.
நூற்று நாற்பது கிழித்தேன். ஒன்றுக்குப் பதினெட்டுக் கட்டு.
அவித்து, காயவைத்து, சுருட்டி, மறுபடி அவித்து.
பிறைத் தச்சனின் முழங்காலைக் கட்டிய அதே துணிதான்
சயாம் ரயில் பாதையிலிருந்து ஓடிவந்தவனின் கணுக்காலையும் கட்டியது.
எலும்பு தெரிந்தது அவனுக்கு.
உப்புத் தண்ணீர் ஊற்றிக் கரண்டியால் சுரண்டினேன்.
அவன் கத்தவில்லை.
"எங்க ஊர்ல மழையா?" என்று கேட்டான்.
எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.
ஆமாம், நல்ல மழை என்றேன்.

இருநூற்று முப்பத்திரண்டு
படுத்துக்கொண்டே வெளியே போயின.
பிள்ளைகளுக்குப் பாதி போதும்:
பதினெட்டுப் பேருக்கு ஒன்பது.
கழித்துப் பாருங்கள்.

அலமாரியில் முப்பத்தொன்று இருக்கும்.
முப்பது என்று எழுதுங்கள்.

ஓரத்தில் இருப்பது சியூ லானுடையது.
நீங்கள் போன மறு சித்திரையில்
முகத்தை மூடிய ஒருவன் வார்டு வாசலில் நின்று
அவளைப் பார்த்துத் தலையாட்டினான். அவ்வளவுதான்.
கையிலிருந்த தெர்மாமீட்டரை உதறி,
என்னிடம் கொடுத்துவிட்டு லாரியில் ஏறினாள்.
நூற்று இரண்டு என்றாள். மூன்றாம் கட்டிலுக்கு.
திரும்பி வந்தால் சுற்ற வேண்டும் என்று
அன்றே ஒன்றை எடுத்து வைத்தேன்.
வரவில்லை. எந்தக் குழி என்றும் யாரும் சொல்லவில்லை.
மாதம் ஒருமுறை வெயிலில் போடுகிறேன்,
நன்றாகக் காய்ந்தபின்தான் மடிக்கிறேன்.

அடுத்த பக்கம் என்ன, கரண்டியா?
சொல்கிறேன்.
அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு
உட்காருங்கள்.