நானூற்றுப் பதினேழு

பாகாயம். மே மாதம். மூன்றாம் மாடி.
ஆம்பூர் பஸ் கூட்டம்போல்
திரையடியில் நெருக்கியடித்துப் புள்ளிகள்.
ஒன்று மட்டும் எங்கோ உச்சியில்.

"அதைத் தூக்கிடும்மா, அச்சு வீணா நீளுது"
என்றார் ஞானசிகாமணி சார்.
சொடுக்கினேன்.
மிச்சமெல்லாம் சட்டென்று
கால் நீட்டி உட்கார்ந்துகொண்டன.

ரத்தம் எடுக்கப் போய்வந்த எமல்டா
என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.
"எது போச்சு?"
எண்ணைச் சொன்னேன்.
"பேரணாம்பட்டு. தோல் ஷெட்டு.
குழாயைத் திருப்பித் தருவீங்களான்னு
கேட்டாளே, அவ."

மீட்டேன்.
சுட்டியைக் கொண்டுபோய் மேலே வைத்தால்
வயது முப்பத்தொன்று, குரோமியம் இத்தனை,
அவ்வளவுதான் திறக்கிறது
அந்தச் சின்னப் பெட்டி.

அச்சு மறுபடி நீண்டது.
கீழே எல்லோரும்
கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார்கள்.
சார் ஒன்றும் சொல்லவில்லை,
கண்ணாடியைத் துடைத்தார்.