இருநூற்றுப் பதினான்காம் குடும்பம்

கிரானில் இறங்கும்போது கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
கண்ணைக் கசக்கியபடியே
'தொண்டர்' என்று அச்சடித்த பனியனை மாட்டினேன்.
கந்தப்போடி அண்ணன் அதை எழுத்துக் கூட்டி வாசித்தார்.
"மம்பட்டி பிடிப்பியா மனே?"

பிடிப்பேன்.
தேயிலை மலையில் கான் வெட்டும் வீட்டுப் பிள்ளை நான்.
அங்கே மண்
வெட்டினால் வெட்டியபடி நிற்கும்.
இங்கே மணல்.
ஒரு வாளி நான் அள்ள
இரண்டு வாளி தன்பாட்டில் சரிந்தது.
கக்கூஸ் குழிக்கு ஆறடி என்றது திட்டத் தாள்.
நாலடியில் தண்ணீர் வந்து கணுக்காலைப் பிடித்தது.
சுற்றி நின்றவர்கள் ஒருவருக்கும் ஆச்சரியமில்லை.
"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"
"நீ கேக்கல்லயே."
மறுகா அவர்
வெற்றுத் தார்ப் பீப்பா இரண்டை உருட்டி வந்தார்,
அடித்தட்டை வெட்டி எறிந்தார்,
"கீழ போக விடாட்டி மேல எழுப்புவம்" என்றார்.
திட்டத் தாளை மடித்து
அடுப்புக்காரர்களிடம் கொடுத்தேன்.

பகலில் குழி, பின்னேரம் படிவம்.
'இழந்தவை' என்ற கட்டத்துக்குள்
யோகமலர் அக்கா சொல்லச் சொல்ல எழுதினேன்.
ஆடு பதினொன்று.
தையல் மெஷின், கால் மிதிக்கிறது.
தோணியில் பாதி. மற்றப் பாதி மச்சானுடையது,
அவர் வந்தால் அவர் சொல்லுவார்.
கிணறு.
பேனை நின்றது.
"கிணறு அங்கயேதானே அக்கா இருக்கும்?"
"அது இருக்கு. நாங்கதான் அங்க இல்ல."
"எழுதவா?"
"ஒங்கட கட்டத்துக்க கொள்ளுமெண்டா எழுதுங்க."

முகாம் சாப்பாட்டைத் தொடக்கூடாதென்று
எங்களை அனுப்பியவர்கள் சொல்லியிருந்தார்கள்.
இரண்டு நாள்
வேனுக்குப் பின்னால் ஒளிந்து நின்று பாண் தின்றேன்.
மூன்றாம் நாள் அக்கா தட்டை நீட்டினார்:
சோறு, பருப்பு, ஒரு துண்டு மணலை மீன்.
"ஒங்கட பேருல வந்த சோறுதான். சாப்பிடுங்க."
பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.
சாப்பிட்டேன். ஆறு நாளும் சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் நிவாரணப் பட்டியலைச் சரிபார்த்தேன்.
இருநூற்றுப் பதின்மூன்று, கோமளேஸ்வரி, அங்கத்தவர் ஐந்து.
இருநூற்றுப் பதினான்கு,
என் பெயர்.
அங்கத்தவர் ஒன்று.
சொந்த இடம்: மலை.
இடம்பெயர்ந்த காரணம் என்ற இடத்தில்
ஒரு சிறிய கோடு.

சதாகரன்தான் எழுதியவன்.
உயர்தரப் பரீட்சையைப் பாதியில் விட்டு வந்தவன்,
எழுத்து மணி மணியாக இருக்கும்.
"அழிச்சிரவா?" என்று றப்பரைத் தேடினான்.

என் அப்பா இந்தத் தீவில் பிறந்து
ஐம்பத்தாறு வயதுவரை
எந்த நாட்டுக்காரரும் இல்லை.
தோட்டத்துத் துண்டு, பிறப்புச் சான்று,
அப்பனின் பிறப்புச் சான்று, அவருக்கு அப்பனின் கப்பல் சீட்டு
எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு
கச்சேரிக் கதவுகளுக்கு நடந்தார்,
ஒரே ஒரு பட்டியலில்
பெயர் ஏறுவதற்காக.
இங்கே
வீடு வாசல் இல்லாத ஆட்கள்
ஒரு துண்டும் கேட்காமல்
என்னைப் பதிந்துவிட்டிருந்தார்கள்.

"றப்பர் வேண்டாம்" என்றேன்.
'சரிபார்த்தது' என்ற இடத்தில் கையெழுத்திட்டேன்.
என் வாழ்நாளில் நான் வைத்த பொய்க் கையெழுத்து அது.
வெட்கமாக இருக்கிறதா என்று
இடைக்கிடை பார்க்கிறேன்.

சோதனைச் சாவடியில் பஸ்ஸை இறக்கினார்கள்.
எங்கிருந்து வருகிறாய்?
முகாமிலிருந்து, என்று வாய் சொல்லிவிட்டது.
சிப்பாய் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
ஊரைப் பார்த்தான், போ என்றான்.
அதே அட்டையை வைத்துக்கொண்டு
கந்தப்போடி அண்ணன் எத்தனை தரம் திரும்பி நடந்தாரோ.
நான் கேட்கவில்லை.
கேட்டால்தானே சொல்லுவார்.

இரண்டு மாதம் கழித்து அக்காவின் கோல்.
பீப்பா அசையாமல் நிற்கிறது.
மழைக்கு முன்னே ஊருக்கு விடுவார்களாம், விடமாட்டார்களாம்.
"ஒங்கட பருப்பு இன்னும் வருது.
சீனிய மட்டும் கோமளத்துட புள்ளைக்குக் குடுத்திட்டம்,
கோவிக்காதீங்க."
"ஆளைக் கேட்டா என்ன செய்வீங்க?"
"காய்ச்சலெண்டு படுத்திருக்கிறார் எண்டுவம்."

அன்றிரவு லயத்தில்
எனக்கு உண்மையிலேயே லேசாகச் சுட்டது.