கோழி விலை

வியாழன் பின்னிரவு மூன்று மணி.
என்னிடம்தான் சொன்னார் திம்மராயன்,
வேறு யாரும் விழித்திருக்கவில்லை.
மாங்கூழ் ஆலையில் முப்பது வருடம் பாய்லர் பார்த்தவர்.
"சீசன் முடிஞ்சா அணைச்சிடுவோம் சிஸ்டர்.
அதுக்கப்புறம் எவனும் விறகு தள்ள மாட்டான்."
இருமினார். கிண்ணம் பிடித்தேன்.
"தொண்டையில எதையும் விடாதீங்க.
காவேரிப்பட்டணத்துக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

கேஸ் ஷீட்டில் நாடிக்கு ஒரு கட்டம் உண்டு,
சிறுநீர் அளவுக்கு ஒன்று,
மலம் போனதா என்பதற்கும் ஒன்று.
இதை எங்கே எழுதுவது?
ஓரத்தில் எழுதினேன், பென்சிலில்.

வெள்ளி இரவு மூச்சு கெட்டது.
ஓசூரிலிருந்து கம்பெனி பேட்ஜோடு ஓடி வந்த மஞ்சுநாத்
நின்றபடியே கையெழுத்துப் போட்டான்.
டாக்டரிடம் அந்த ஓரத்தைக் காட்டினேன்.
"பென்சில்," என்றார்.
குழாய் இறங்கியது.
பிடுங்கிவிடுவார் என்று
இரண்டு மணிக்கட்டையும் கட்டில் கம்பியோடு கட்டினோம்.
கட்டினோம் இல்லை. நான் கட்டினேன்.
காஸ் துணி, இரண்டு விரல் நுழையும் இடைவெளி,
பாடத்தில் உள்ளபடி.

சனி விடிந்தது.
கிருஷ்ணகிரி டோல்கேட்டில்
மாங்காய் லாரிகள் வரிசை கட்டி நின்றன.
இனிப் பயனில்லை, எடுத்துவிடலாம் என்று
டாக்டரே சொன்னார்.
மஞ்சுநாத் என்னை லிஃப்ட் பக்கம் கூப்பிட்டான்.
"இன்னிக்கு மட்டும் வேணாம் சிஸ்டர்.
சனிப் பொணம் தனியாப் போகாது.
வீட்டுல அவளுக்கு ஏழாம் மாசம்."

கெட்டவன் என்று எழுத எனக்கு வரவில்லை.
கையெழுத்துப் போட்ட பிறகு படிக்கட்டை விட்டு இறங்காதவன்.
அப்பாவின் பல்செட்டைக் கைக்குட்டையில் முடிந்து
சட்டைப்பையில் வைத்திருக்கிறான்,
யாரோ திருடிவிடுவார்கள் என்பதுபோல.

"ஒரு கோழியப் பாடையில கட்டினாப் போதுமேடா,"
என்றாள் எல்லம்மா, கட்டிலைப் பார்த்தபடி.
"கோழி இருநூறு ரூபா இருக்குமா?
இந்த மெஷினு எவ்ளோ சிஸ்டர்?"
பதினெட்டாயிரம் என்று நான் சொல்லவில்லை.

இரவு பத்தரைக்கு,
"வலது கைய மட்டும் அவுத்து விடும்மா."
அவிழ்த்தேன்.
கை எழுந்தது.
கண்ணாடிக்கு வெளியே மஞ்சுநாத் எழுந்து நின்றான்.
நான் தடுக்கப் போகவில்லை. இதை எங்கும் குறிக்கவில்லை.
கை குழாயைத் தாண்டி
மூக்கின் ஓரத்துக்குப் போய்
சொறிந்தது.
ரொம்ப நேரம் சொறிந்தது.
நேற்றிலிருந்து அரித்ததோ என்னவோ.
பிறகு எல்லம்மாவின் மடியில் விழுந்து கிடந்தது.

பன்னிரண்டு ஐந்துக்குக் கதவைத் திறந்தான்.
செல்போனில் தேதியை என்னிடம் நீட்டினான்,
நான்தான் இத்தனை நேரம்
சனிக்கிழமையைப் பிடித்து வைத்திருந்ததுபோல.

நேரத்தைப் பேனாவில் எழுதினேன்.
எல்லம்மா அவர் கைகளைச் சேர்த்து
நெஞ்சின்மேல் வைக்கப் பார்த்தாள்.
ஒன்று வந்தது.
இடது கை இன்னும் கட்டிலேயே இருந்ததை
அப்போதுதான் பார்த்தோம்.