காதுக்கு மேல் ஒன்று

பதினெட்டாயிரம் என்றாள் ஜெர்மேன்,
மிஷன் வீதி மாடியில்,
ஏசி சொட்டும் வாளியைக் காலால் நகர்த்தியபடி.
நூற்றியிருபது இழை. ஒவ்வொன்றின் தலையிலும் பசை.
நாலு மாசம் தாங்கும் அக்கா,
பசையில எண்ணெய் மட்டும் படக் கூடாது.
வியர்வை பட்டால்?
அதற்கு அவள் கண்ணாடியைப் பார்த்தாள்,
கண்ணாடியில் என்னை.

நான் வியர்வையில் சம்பாதிப்பவள்.
சனி ஞாயிறு, ஈசிஆர் ரிசார்ட் புல்தரைகளில்
பெங்களூர்க்காரர்கள் தட்டேந்தி நிற்கையில்
எட்டுப் பேர் ஆடுவோம்.
முன்வரிசைக்கு ஆயிரத்து எண்ணூறு,
பின்வரிசைக்கு ஆயிரத்து முந்நூறு.
தைராய்டு வந்ததிலிருந்து நான் பின்வரிசை.
முடி கொட்டியதால் என்று யாரும் சொல்லவில்லை.
உயரம், என்றார் டோமினிக் மாஸ்டர்.
ஆறு வருடமாக
அதே உயரம்தான்.

கடலூர் பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
ஐந்நூறு வித்தியாசம்;
முப்பத்தாறு மேடை ஏறினால் போட்டது வரும்.
நாலு மாதத்தில் கிடைப்பது இருபத்திரண்டு,
புயல் சின்னம் வந்தால் அதுவும் இல்லை.
ரெட்டிச்சாவடி வருவதற்குள்
நஷ்டம் வந்துவிட்டது.
கணக்கு சரி.
ஜன்னல் கண்ணாடிதான் ஒப்புக்கொள்ளவில்லை.

சவுரி இருக்கிறதே என்பார்கள்.
பரதத்துக்கு இருக்கிறது,
பின்னி, குஞ்சலம் கட்டி, சொன்னபடி கேட்கும்.
விரித்துப் போட்டுத் தலையைச் சுழற்றுகிறவளுக்கு
அது ஆகாது.
கிளிப் மாட்டி ஆடிய சுகிர்தாவின் கூந்தலில் பாதி
ஒருமுறை பறந்துபோய்
மாப்பிள்ளையின் சித்தப்பா தட்டில் விழுந்தது.
அவர் அதைக் குழம்பு படாமல் எடுத்து,
டிஷ்யூவில் மடித்து,
எழுந்து வந்து கொடுத்தார்.
அந்த மரியாதையில்தான் அவள் அழுதாள்.

சனிக்கிழமை மறுபடியும் அதே நாற்காலி.
யாருடைய முடி என்று கேட்டேன்.
கோயில் முடிதான் அக்கா, சுத்தமானது.
எந்தக் கோயில் என்று அவளுக்குத் தெரியாது.
எனக்குத் திருவந்திபுரம் வந்தது,
சந்தனம் பூசி வெயிலில் காயும் தலைகள்.
தம்பியின் காய்ச்சலுக்கு நேர்ந்துகொண்டு
இடுப்பு வரை இருந்ததை
நானும் அங்கே இறக்கியிருக்கிறேன்.
அது இப்போது எந்த ஊரில், யார் தலையிலோ.
ஆடுகிறதா,
ஆபீஸ் போகிறதா.

ஒண்ணே ஒண்ணு வைக்கிறேன், காசு வேணாம்,
ரெண்டு நாள் பாருங்க என்றாள்.
இடது காதுக்கு மேல் சூடான இடுக்கி.
லேசாக ஒரு தீய்ந்த வாசனை.

அன்றிரவு அதோடு ஆடினேன்.
பின்வரிசையில் யாருக்குத் தெரியும்.
எனக்குத் தெரிந்தது:
சுழன்று நின்று,
என் முடியெல்லாம் அடங்கிய பிறகும்
அது மட்டும் அரைத்தாளம் பிந்தி வந்து
கன்னத்தில் பட்டது,
பாட்டு முடிந்ததை அதற்கு யாரும்
சொல்லாததுபோல்.

படுத்தால் அந்தப் பசை
நொய்யரிசியாய் உறுத்தியது.
நூற்றியிருபது நொய்யின்மேல்
நாலு மாதம் தூங்க வேண்டும்.
தூங்கிவிடலாம்தான்.
இதைவிட மோசமான தலையணைகளில்
தூங்கியிருக்கிறேன்.

திங்கட்கிழமை ஜெர்மேன் அழைத்தாள்.
கட்டாது என்றேன்.
பதினஞ்சுக்கு முடிச்சுக்கலாம் என்றாள்.
பதினைந்து என்றால் முப்பது மேடை;
வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தபோது
விரல் காதுக்கு மேலே போயிருந்தது.
ரெண்டு நாள் டைம் கொடு.

மாஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் கேட்டேன்:
முடி வைத்தால் முன்வரிசையா?
வேறு எதுவும் எழுதவில்லை, வணக்கம்கூட.
இரண்டு டிக், நீலமாயிற்று.
டைப்பிங் என்று காட்டியது.
நின்றது.
மறுபடி காட்டியது.
நின்றது.

இன்று வியாழன்.
அவரிடமிருந்து வந்தது
ஞாயிறு நிகழ்ச்சிக்கான இடமும் நேரமும்தான்.
எண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்கிறேன்,
உச்சியிலிருந்து தேய்த்து இறங்குகிறேன்.
இடது காதுக்கு மேல் வரும்போது மட்டும்
விரல்
சுற்றிப் போகிறது.