காந்தத்தில் ஒட்டாதவை

சித்திரையில் தண்ணீர் ஒதுங்கிவிட்ட கூடுதுறையில்
கயிற்று நுனியில் காந்தம் கட்டி
ஆற்றின் வயிற்றைத் துழாவுகிறார் மாதையன்.
ஒட்டிக்கொண்டு வரும் எஃகு ரூபாய்களெல்லாம்
போன மாசத்து வேண்டுதல்கள். அவை அவருக்கு.
சல்லடையில் மிஞ்சும் செம்பு எனக்கு.

"காந்தம் வேண்டாங்குது, நீங்க வேணுங்கறீங்க.
இந்தாங்க அம்மிணி."
ஈர உள்ளங்கையில் பச்சை பூத்த ஒரு தம்பிடி.

ஐம்பது கேட்டார்.
ரூபாய்க்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தம்பிடி,
ஐம்பதுக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு.
ஒன்றை வாங்க அத்தனையா என்றேன்.
"அன்னிக்கே வந்திருந்தா
தம்பிடிக்குத் தம்பிடி குடுத்திருப்பனுங்க" என்றார்.
நாற்பதுக்கு முடிந்தது. டீ என் கணக்கு.

புளி போடக் கூடாது.
புளி அழுக்கோடு வருஷத்தையும் தின்றுவிடும்.
தேங்காய் எண்ணெயில் ஒன்பது நாள் கிடந்தது.
திருப்பூரில் பனியன் துணி பார்க்கிற வேலை எனக்கு;
கண்ணி எண்ணும் அதே லென்ஸை
ஞாயிறு இரவு காசின் மேல் வைத்தேன்.

1877.
தாது வருஷம் போயும் பஞ்சம் போகாத வருஷம்.
அதுவரை காசில் வெறும் ராணியாக இருந்தவள்
இதில் சக்கரவர்த்தினி.

படம் அனுப்பினேன். கோயமுத்தூர் வியாபாரி
ஒரே சொல்லில் பதில் போட்டார்: ஓட்டை.
மார்புக்குக் கீழே, விளிம்பை ஒட்டி,
யாரோ ஆணி வைத்து அடித்த துளை.
சல்லிக்குப் பெறாது.
என் மேஜையில் துணியில் இப்படி ஒன்று கண்டால்
நானும் சிவப்பு அம்பு ஒட்டித் தள்ளிவிடுவேன்தான்.

இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.
துளை வட்டமாக இல்லை.
விளிம்புப் பக்கம் மட்டும் இழுபட்டு
நீர்த்துளி போல நீண்டிருந்தது.
கயிறு தின்ற இடம்.
அதை மேலே வரும்படி பிடித்தேன்,
மகுடம் கீழே போனது.

ஆக, ஏதோ ஒரு அரைஞாணில்
சக்கரவர்த்தினி தலைகீழாகவே தொங்கியிருக்கிறாள்.
பிள்ளை ஓடினால் ஓடி,
மண்ணில் உட்கார்ந்தால் மண்ணில் மோதி.
துளை போட்டவருக்கு எது தலை என்று
பார்க்க நேரமில்லையோ,
பார்த்துத்தான் போட்டாரோ.

பருத்திக் கயிறு செம்பை இவ்வளவு தின்ன
எத்தனை வருஷம் ஆகும்?
நகைப்பட்டறை வேலுச்சாமி ஆசாரி
மூன்று இருக்கலாம் என்றார்.
அவர் தம்பி வாங்கிப் பார்த்து, விரலால் தடவி,
பத்துக்குக் குறையாது என்றார்.

நோட்டில் தேதி, எடை, விலை போட்டு
அதன் கீழே எழுதினேன்:
பத்து.