பன்னிரண்டாம் வளைவு

கெத்தை இறக்கத்தில், சிறுபாலத்தின் வயிற்றில்
நான் ஒட்டிய கருவி
பாதித் தீப்பெட்டி அளவு; பேட்டரி கிடையாது.
மேலே வண்டி போனால் பாலம் அதிரும்.
அந்த அதிர்வைத் தின்றுவிட்டு
மண்ணின் ஈரத்தை ஓர் எண்ணாகச் சொல்லும்.

ஏழரை மஞ்சூர் பஸ்ஸுக்கு ஓர் எண்.
கேரட் லாரி என்றால் விருந்து.
பைக்குகள் கொறிக்க.

ஐப்பசியில் நான்கு நாள் மழை.
சாலையை அடைத்தார்கள்.
பேச வேண்டிய நாளில்
அதற்குப் பட்டினி.

சாலைப் பணியாளர் போஜராஜனும் நானும்
குடையை மடக்கிவிட்டுப்
பாலத்தின் மேல் குதித்தோம்.
“கொஞ்சம் குண்டா இருந்திருக்கலாம் சார் நீங்க.”

நாற்பதோ ஐம்பதோ குதித்தபின்
என் பையில் செல்போன் சிணுங்கியது:
ஈரம், தொண்ணூற்றாறு.

தூக்கிய காலை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
நின்றார் போஜராஜன்.